மூன்றாம் வகுப்புக்கு வந்த அன்பளிப்பு

ஆஸ்டின் டவுனில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பள்ளிக்கு, எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனி ஒன்று இன்று காலை கம்ப்யூட்டர்களை அன்பளிப்பாகத் தந்தது. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

பழைய மானிட்டர்களை மூன்றாம் வகுப்பறை நிறைய அடுக்கினார்கள். ஒன்றைப் போட்டுக் காட்டச் சொன்னேன். எரியவில்லை. அடுத்ததும் எரியவில்லை. இன்னொன்றின் கண்ணாடியே உடைந்திருந்தது.

கம்பெனி அதிகாரி என்னை ஓரமாக அழைத்துப் போனார். "எதுவும் ஓடாது சார். உள்ள ஈயம் இருக்கு, அபாயக் கழிவுன்னு ஆயிரம் ரூல் சொல்றாங்க. ஸ்கூலுக்குக் குடுத்தா டொனேஷன், முடிஞ்சுது."

"ஊசிப்போன சாம்பாரைப் பந்தியில ஊத்துனா விருந்தாயிடுமா தம்பி?"

தலைமையாசிரியை வந்து, "விடுங்க சார். போட்டோ எடுத்தாச்சு, சால்வையும் போட்டாச்சு" என்றார்.

"அப்ப திரும்ப வேன்ல ஏத்தச் சொல்லுங்கம்மா."

"முடியாது சார்," என்றார் அதிகாரி. "திரும்ப எடுத்தா அது கழிவு. அதுக்கு லைசென்ஸ் உள்ள வண்டிதான் வரணும்." காலி வேனில் ஏறிப் போய்விட்டார்.

அறையைப் பூட்டச் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் வராந்தாத் தரையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள்.

எந்தக் கம்பெனி என்று அங்கே வேலை பார்க்கும் என் பழைய மாணவர்களுக்குப் புரிந்திருக்கும். உங்கள் மேலாளரிடம் சொல்லிவையுங்கள். திங்கட்கிழமை இத்தனையையும் அவருடைய அறைக்கே அன்பளிப்பாகக் கொண்டு வருகிறேன். சால்வை வாங்கிவிட்டேன்.

வேன் வைத்திருப்பவர்கள் மட்டும் கீழே கமெண்டில் கை தூக்குங்கள்.