அதிமதுரத்துக்குப் பக்கவிளைவு கிடையாது

மும்பை மாட்டுங்காவில் இருக்கும் என் அத்திம்பேர் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பஜனை கோஷ்டியில் சேர்ந்தார். தொண்டை கட்டியது. அதிமதுர வேரை மென்றால் சரியாகும் என்று யாரோ சொன்னார்கள். குரல் தெளிந்ததா என்பதில் அவருக்கும் அக்காவுக்கும் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் வேரை அவர் விடவில்லை. காலையில் கஷாயம், பகலெல்லாம் வாயில் ஒரு துண்டு.

சில மாதங்களில் ரத்த அழுத்தம் ஏறியது. பக்கத்துத் தெரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். போதாமல் இன்னொன்றும் சேர்த்தார்.

"எல்லாம் கெமிக்கல். உடம்பு சூடாயிடும்," என்று சொல்லி, அந்தச் சூட்டைத் தணிக்க அத்திம்பேர் கஷாயத்தை இரண்டு வேளையாக்கினார். அழுத்தம் இன்னும் ஏறியது. மாத்திரைமேல் அவருக்கிருந்த சந்தேகம் உறுதியானது.

ஒரு நாள் ரயில் நிலையப் படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்துவிட்டார். கால் எழும்பவில்லை. செம்பூரிலிருந்து நான் ஓடினேன். சயானில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் பொட்டாசியம் அபாயமான அளவுக்குக் குறைந்திருந்தது.

அங்கிருந்த இளம் பெண் டாக்டர், வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று இந்தியில் கேட்டார். ஒன்றுமில்லை என்றார் அத்திம்பேர்.

"அந்த வேரைச் சொல்லுங்கோ," என்றாள் அக்கா.

"அது மருந்தில்லைடீ. நேச்சுரல்."

அக்காவே சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார். கார்டிசால் என்று ஒரு ஸ்டீராய்டு ஹார்மோன். சிறுநீரகத்தில் அதை அடக்கி வைக்க ஒரு என்சைம் இருக்கிறது. அதிமதுரம் அந்த என்சைமைக் கட்டிப்போட்டுவிடும். பிறகு கார்டிசால் இஷ்டத்துக்கு ஆடும். உப்பு உடம்பில் தங்கும், பொட்டாசியம் வெளியே போகும். போதாக்குறைக்கு இரண்டாவது மாத்திரையும் பொட்டாசியத்தை வெளியேற்றும் ரகம்.

"செடியிலேர்ந்து வந்ததா, ஃபேக்டரியிலேர்ந்து வந்ததான்னு என்சைம் கேக்காதாம்," என்று நான் தமிழில் சொன்னேன். டாக்டர் போனபின் அத்திம்பேர், "கால் வராதபோது பயந்துட்டேன்," என்றார் மெதுவாக.

வேரை நிறுத்தினார். சில வாரங்களில் அழுத்தம் இறங்கியது, ஒரு மாத்திரையும் குறைந்தது. பயமும் கூடவே இறங்கிவிட்டது.

நலம் விசாரிக்க வந்த கோஷ்டிக்காரர்களிடம், "ஒரு வேர், சாதாரண வேர், உள்ள போய் என்சைமையே நிறுத்திடறதுன்னா அதோட சக்தியைப் பாருங்கோ," என்றார் பெருமையாக. இரண்டு பேர் அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார்கள்.

சமையலறையிலிருந்து அக்கா சொன்னாள்: "மெடிக்கல் ஷாப்புல. டாக்டர் சீட்டு வேணும்."