எலுமிச்சம்பழத்தின் மேல் தள்ளப்பட்ட இத்தாலி வண்டி

எங்கள் தறிக்கூடத்தில் நாங்கள் சாப்பிடும் அறையை ஒரு மோட்டார் சைக்கிள் பிடுங்கிக்கொண்டது.

இத்தாலி வண்டி. உலகத்திலேயே கொஞ்சம்தான் செய்தார்களாம். கோயம்புத்தூரில் யாரோ நானூறு கிலோமீட்டர் மட்டும் ஓட்டிவிட்டு விற்றதை வாங்கி, எங்கள் முதலாளி இன்று இங்கே அருப்புக்கோட்டையில் லாரியிலிருந்து இறக்கினார்.

பூசை நடந்தது. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்த பூசாரி, "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார்.

முதலாளி பதறிவிட்டார். "ஐயையோ, ஓட்டுனா கிலோமீட்டர் கூடிரும், மதிப்பு போயிரும். ஏப்பா, எல்லாரும் வந்து தள்ளுங்க!"

தறியை நிறுத்திவிட்டு ஆறு பேர் தள்ளினோம். பழம் நசுங்கியது. வண்டி நேராக எங்கள் அறைக்குள் போய் நின்றது. அந்த அறைக்கு ஒரு ஃபேன் கேட்டு இரண்டு வருடம் நடையாய் நடந்தோம். இன்று ஏசியே மாட்டியிருக்கிறார்கள்.

பக்கத்துத் தறி முருகேசன் அண்ணன் கேட்டார்: "மொதலாளி, நாங்க எங்கிட்டு உக்காந்து சாப்பிட?"

"வெளிய வேப்பமரம் இருக்குல்ல?"

"அப்ப வண்டிய அங்கன நிப்பாட்டுங்க."

"வெயில்ல பெயிண்டு வெளுத்துரும்ப்பா."

"எங்க ரூமத் திருப்பிக் குடுங்க மொதலாளி" என்றேன் நான்.

தள்ளும்போது பெட்ரோல் டேங்கில் பதிந்த என் கைத்தடத்தை அவர் துடைத்துக்கொண்டிருந்தார்.