கழித்தல் குறி

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு ஆண்டு எங்கள் ஊர் காஜா பேராங்கில் மழை ஏமாற்றியது. எங்கள் கிணற்றில் உப்பு ஏறியது. சோற்றுக்கு உப்புப் போட வேண்டியதில்லை என்பது ஒன்றுதான் லாபம். குடிதண்ணீருக்குச் சாலையோரப் பைப்பில் வரிசை நிற்க வேண்டும்.

மூத்த மகளுக்குப் பதினாறு வயது. மின்சாரத்தால் உப்பைப் பிரிக்கலாம் என்று பள்ளியில் படித்துவிட்டு வந்து, சமையலறையில் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்துக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினாள். செல்லோபேன் தாளால் அதை மூன்று அறைகளாகத் தடுத்திருந்தாள். இரு ஓரங்களிலும் டார்ச் பேட்டரியை உடைத்து எடுத்த கரிக்குச்சிகள். அவற்றுக்கு லாரி பேட்டரியிலிருந்து கம்பி.

“உப்பு ரெண்டாப் பிரிஞ்சு ஓரத்துக்குப் போயிடும்ப்பா. நடுவுல நல்ல தண்ணி நிக்கும்.”

நான் பத்திரிகையிலிருந்து தலை தூக்காமல் “ம்” என்றேன்.

மறுநாள் காலை அவளும் என் மனைவியும் பைப்புக்குப் போயிருந்தார்கள். ஐந்து வயதுச் சின்னவள் தண்ணீர் கேட்டாள். பானை காலி. தொட்டியின் ஓர் ஓரத்தில் கூட்டல் குறியும் மறு ஓரத்தில் கழித்தல் குறியும் எழுதப்பட்டிருந்தன. நடுவில் ஒன்றுமில்லை. நான் நில அலுவலகத்தில் குமாஸ்தா. கூட்டல் என்றால் உப்பு கூடிய பக்கம், கழித்தல் என்றால் உப்பு கழிந்த பக்கம். கூட்டல் பக்கம் சலவை மருந்துபோல நாறியது; கழித்தல் பக்கம் வாடையே இல்லை. சந்தேகம் தீர்ந்தது. ஒரு குவளை மொண்டு கொடுத்தேன்.

சின்னவள் நுனிநாக்கால் தொட்டாள்.

“சவுக்காரம் மாதிரி இருக்கு.”

“உப்பு போனா அப்படித்தான் இருக்கும். குடி.”

“தா மாவ்!” வீட்டிலும் மலாயே பேசும் பக்கத்து வீட்டுச் செட்டிப் பிள்ளைகளிடம் கற்ற மலாயில் வேண்டாமென்று மறுத்தாள். “நீங்க குடிங்க.”

“பெரியவங்க சொன்னா கேக்கணும். குடி!”

அவள் குவளையைக் கீழே வைத்து, அதில் பொம்மைக்கு முகம் கழுவினாள். நான் பிரம்பைத் தேடிக்கொண்டிருந்தபோது மூத்தவள் வாளியோடு வந்தாள்.

“குடிச்சாளா? அப்பா, குடிச்சாளா?”

வாளித் தண்ணீரைத் தங்கையின் வாயிலும் கையிலும் ஊற்றிக் கழுவினாள்.

“அந்தப் பக்கம் காஸ்டிக் சோடா ஊறும்ப்பா! குடிச்சிருந்தா தொண்டை வெந்திருக்கும்.”

“மைனஸ்னு போட்டிருந்தியே?”

“அது பேட்டரியோட மைனஸ்!”

நாக்கு நுனி சிவந்திருக்கிறது, வேறொன்றுமில்லை என்றார் டாக்டர். நான் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அதையே சொன்னார்.

சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளைகள் என்று அலுவலகத்தில் பெருமையடித்திருக்கிறேன். அன்று ஒருத்தி கேட்கவில்லை. இப்போது அவளுக்குக் காய்ச்சல் மருந்து கொடுப்பதுகூட என் மனைவிதான். நான் கொடுக்க நேர்ந்தால், முதலில் ஒரு கரண்டி நான் குடித்துவிட்டுச் சற்று நேரம் காத்திருக்கிறேன்.