ஒதுங்கி இடம் விடும் பாடம்

மொழிபெயர்ப்பாளருக்கு வேலை நேரத்தில் சொந்த வாய் கிடையாது. இத்தொழிலில் அல்லற்படும் உங்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாரிகாலம், நான் புலம்பெயர்ந்து வந்த குளிர்நாட்டு நகரில், வோபர்ன் பகுதியில் ஒரு நூலகத்தின் கீழ்த்தளத்தில் என் வாயை இரவல் கொடுத்திருந்தேன். முதல் நாள் அங்கே ஆறு பேர் இருந்தோம்: பாடம் நடத்திய மிரியம் என்னும் யூதப் பெண்மணி; மல்வேர்னிலிருந்து பஸ்ஸில் வந்த சிவலிங்கமும் மனைவி தவமணியும்; காரில் வந்த பரமேசும் மனைவி கௌரியும்; இவர்களுக்கு நடுவில் நான். கபாலா என்னும் யூத மறைஞானத்தைக் கணவன் மனைவி அன்பில் கைக்கொள்வது எப்படி என்பது பாடம். யாழ்ப்பாணத்தில் முப்பது ஆண்டுகள் கணிதம் கற்பித்த என்னை எல்லோரும் டீச்சர் என்றே அழைத்தார்கள்; நானும் மறுக்கவில்லை. பரமேஸ் ஆங்கிலம் அறியாதவர். தமிழ்க் கடையில் ஒட்டியிருந்த அறிவித்தலைக் கண்டு வந்ததாகச் சொல்லி, மனைவியை முன்னே தள்ளினார்.

"இவவைக் கொஞ்சம் திருத்தி விடுங்கோ டீச்சர்."

வெறும் லாச்சி

ஆதியில் இறைவன் எங்கும் நிறைந்திருந்தான், உலகுக்கு இடமில்லை. ஆகவே அவன் தன்னைச் சுருக்கி ஒதுங்கி, ஒரு வெற்றிடத்தை உண்டாக்கினான். ஒதுங்கத் தெரியாதவருக்கு நேசிக்கவும் தெரியாது என்றார் மிரியம். ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். அந்தத் துல்லியத்தில் எனக்குப் பெருமையும் இருந்தது. பரமேஸ் என் வாக்கியத்தை அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டார்.

அலுமாரியில் ஒரு லாச்சியை, அதாவது இழுப்பறையை, வெறுமையாக்கித் துணைக்குக் கொடுப்பதே அந்த வாரத்து வீட்டுப்பாடம். தவமணி தலையில் கைவைத்தார். சிவலிங்கத்துக்கு வேறொரு கவலை.

"கடவுளே ஒதுங்கினவர் எண்டா, உவ அந்த ரிமோட்டை எனக்குத் தரலாம்தானே டீச்சர்?"

என் வாக்கியம்

மூன்றாம் வாரம் கைகழுவும் இடத்தில் கௌரி என் பக்கத்தில் வந்து நின்றாள். குழாயைத் திறந்துவிட்டாள், கை கழுவவில்லை. சுவெற்றரின் கைகளை விரல்நுனிவரை இழுத்துவிட்டிருந்தாள். லாச்சி வெறுமையாயிற்றா என்று, ஆசிரியப் புத்தியில் கேட்டுவிட்டேன்.

தன்னுடைய லாச்சிகள் எல்லாமே வெறுமை என்றாள். சகோதரியோடு தொலைபேசியில் பேசுவதும் நின்றுவிட்டதாம். தண்ணீர் ஓசைக்குள் அவள் சொன்ன அடுத்த வசனத்தை நான் எவருக்கும் மொழிபெயர்த்ததில்லை.

"நீங்கள் சொன்னதைக் கொப்பியில பாத்து வாசிச்சுப்போட்டுத்தான் டீச்சர் அவர் கை நீட்டுறவர்."

ஒரு கேள்வி

அடுத்த வகுப்பில், தானாக எதுவும் பேசக்கூடாது என்ற தொழில் விதியை மீறினேன். ஒதுங்கியது யார் என்று மிரியத்திடம் ஆங்கிலத்தில் நானே கேட்டேன். "நிறைந்திருந்தவர்தான். நிற்கவே இடமில்லாதவரை ஒதுங்கச் சொல்வது கபாலா அல்ல" என்றார். அதைப் பரமேசின் முகத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னேன். அவர் கொப்பியை மூடினார். "உது அவ சொன்னதோ, நீங்கள் சொன்னதோ?" என்று மெதுவாகக் கேட்டார். என் துணிவுக்கான தண்டனை எனக்கு வராது. வீட்டில் கௌரிக்கு வரும்.

வகுப்பு முடிந்து, பரமேஸ் வெளியே கார்க் கண்ணாடிப் பனியைச் சுரண்டிய இரண்டு நிமிடத்தில், பொலிசுக்குச் சொல்லவா என்று அவளிடம் கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். அவள் யன்னலைப் பார்த்தபடியே பேசினாள், முகத்தைத் திருப்பவில்லை.

"அடுத்த கிழமை அவரைப் பத்து நிமிசம் இருத்தி வைப்பியளோ டீச்சர்? அக்காவுக்கு எப்பிடியாவது சொல்லிப்போடுவன். மார்க்கம் நகரத்திலயிருந்து வந்து பின்வாசல்ல நிப்பா."

பத்து நிமிடம்

மிரியத்திடம் முன்னரே சொல்லிவைத்தேன். என் கோட்டைக் கௌரிக்கென்று பின்வாசல் கொளுவியில் மாட்டினேன். பாடம் தொடங்கியதும் கௌரி தன் கோட்டைக் கதிரையிலேயே விட்டுவிட்டு, கழிவறைப் பக்கம் கை காட்டிப் போனாள். பரமேஸ் அந்தக் கோட்டைப் பார்த்தார்; அமர்ந்திருந்தார். வெளியே கடும்பனி. கோட்டில்லாமல் எவள் போவாள்?

மிரியம் முகத்தை இறுக்கிக்கொண்டு தன் பேரனின் பல்வலியைப் பற்றிப் பேசினார். நான் அதைக் கபாலா சொல்லும் இறைவனின் பத்து ஒளிகள் என்று தமிழாக்கினேன். நான்காம் ஒளியில் பரமேஸ் மணிக்கூட்டைப் பார்த்தார். ஐந்தாம் ஒளியில் எழுந்தார். தொழிற்சாலையில் ஆங்கிலம் பழகிய சிவலிங்கம், பல்வலி தொடங்கியதிலிருந்தே என்னை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று பரமேசின் தோளில் கையைப் போட்டார்.

"இரும் ஐசே, இடையில எழும்பக்கூடாது. டீச்சர், அந்த அஞ்சாவது ஒளியை இன்னொருக்காச் சொல்லுங்கோ, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

கதிரையில் ஒரு கோட்டு

மீண்டும் சொன்னேன். ஏழாம் ஒளியில் பின்பக்கம் ஒரு கார் புறப்படும் ஓசை கேட்டது. அதன் பிறகும் நிறுத்தத் துணிவில்லாமல் பத்தையும் சொல்லி முடித்தேன். பரமேஸ் கழிவறைக் கதவைத் தட்டினார்; திறந்து பார்த்தார்; திரும்பி வந்தார். கதிரையிலிருந்த கோட்டை எடுத்து, அதன் பைகளைத் தடவினார். பின்னர் மிரியத்தை அல்ல, என்னைப் பார்த்தார். கொப்பியை மேசையில் விட்டு வெளியே போனார்.

அந்த மாரி முழுவதும் பஸ் தரிப்பில் என்னைக் கடந்த ஒவ்வொரு காருக்கும் நடுங்கினேன் என்றாலும், சொன்னதை மட்டுமே சொல்வேன் என்று கையெழுத்திட்ட என் தொழிலில், மூலத்தில் இல்லாத அந்தப் பத்து ஒளிகளைப் போல் பிழையறச் செய்த மொழிபெயர்ப்பு எனக்கு வேறொன்றில்லை.