அசையாததைத் தின்னாத தவளை

அந்த எண்ணம் எனக்கு உதித்தது எங்கள் வீடிருக்கும் குரோருட்டுக்குப் போகும் மெட்ரோவில், கைபேசியில் பார்த்த ஒரு காணொளியால். பிரேசிலில் ஒருவர் தொட்டிக்குள் தீவன உருண்டைகளைக் கொட்டுகிறார். உள்ளங்கையில் அடங்காத காளைத் தவளைகள் தீவனத்தின் மேலேயே உட்கார்ந்து பட்டினி கிடக்கின்றன. தவளைக்கு அசைவதுதான் உணவு. அவர் ஒரு பிடி புழுவைக் கலந்தார். புழு நெளிய உருண்டைகளும் உருண்டன, தவளைகள் பாய்ந்தன. நான் இறங்க வேண்டிய நிலையம் எப்போதோ போய்விட்டிருந்தது.

நான் படிப்பது மீன் வளர்ப்பு. நோர்வேயில் அப்படியென்றால் சால்மன். சால்மன் என்றால் அதன் தோலில் ஒட்டித் தின்னும் கடற்பேன். வகுப்பில் எல்லோரும் பேனை ஆராய, எனக்கோ உலகத்துக்கே உணவூட்டும் அவசரம். காளைத் தவளையை இந்த நாட்டுக்குள் கொண்டுவர விடமாட்டார்கள் என்று பேராசிரியர் பதமாகச் சொன்னார். தவளை இல்லாமலே தீவனம் அசைவதைத் திங்கட்கிழமை காட்டினால் அதையே ஆய்வுத் தலைப்பாகத் தருவாராம். இல்லையென்றால் பேன்தான்.

தூண்டில் கடையில் புழு வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். இன்று காலை தீவன உருண்டைகளோடு கலந்து தட்டில் கொட்டிப் பார்த்தால் ஒன்றும் அசையவில்லை. குளிரில் எல்லாம் உறக்கம். ஹீற்றருக்குப் பக்கத்தில் அம்மாவின் தோசைமா துவாய் போர்த்திப் புளித்துக்கொண்டிருந்தது. தட்டையும் அதனருகில் வைத்தேன்.

"மாவுக்குப் பக்கத்திலை என்னடா அது?"

"தவளைக்குச் சாப்பாடம்மா."

"தவளை எங்கை?"

"தவளை இல்லை."

அம்மா தட்டை எட்டிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஓர் உருண்டை மெல்லப் புரண்டது. பிறகு இன்னொன்று. நான் அவசரமாகப் படம் பிடித்தேன்.

"ஓம், அசையுதுதான். இதைத் தவளை தின்னும். தவளையை ஆர் தின்னுறது?"

"பிரான்சிலை, சீனாவிலை, தாய்வானிலை எல்லாம் தின்னுகினம்."

"நீ?"

நான் தட்டை ஹீற்றர் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினேன்.

"ஊருக்கே சோறு போடப்போறார். இன்னும் உப்புப் பாக்கேல்லையாம்."

பேராசிரியரும் இதையே கேட்டால் என்ன சொல்வது? மத்தியானமே நகரத்துத் தாய்லாந்துக் கடைக்கு ஓடினேன். இப்போது உறையவைத்த இரண்டு சோடித் தவளைக்கால்கள் மேசையில் உருகிக்கொண்டிருக்கின்றன. அம்மா தன் சட்டியைத் தரமாட்டார். காட்டுக்குக் கூடாரமடிக்கக் கொண்டுபோகும் தகரச்சட்டி என்னிடம் இருக்கிறது. கறித்தூள் போட்டால் தவளை என்று தெரியாது. அது எனக்கு நல்லது, ஆய்வுக்குக் கூடாது. ஆகவே முதல் தவளைக்காலை வெறும் உப்போடு பொரித்து, கண்ணைத் திறந்தபடியே கடித்துப் பார்ப்பதாக இருக்கிறேன்.