உறுதி என்று போன பதில்

ஜெபசெல்விக்குக் குர்லாவில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை. போனில் ஒருவர் பொத்தானை அழுத்தினால், அந்தக் கோரிக்கைக்கு சர்வர் என்ன பதில் அனுப்ப வேண்டும் என்று எழுதுகிற வேலை. ஒவ்வொரு பதிலின் தலையிலும் ஓர் எண் இருக்கும். இருநூறு என்றால் காரியம் ஆயிற்று. ஐந்நூற்று மூன்று என்றால் இப்போது முடியவில்லை. எண்ணைப் பார்த்துத்தான் போன் பச்சையோ சிவப்போ காட்டும். நடந்தது ஒன்று, எண் ஒன்று என்று இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. கூட வேலை பார்த்தவர்கள் இதற்காகவே அவளைக் கேலி செய்வார்கள்.

செம்பூரில் ஒரு டிரஸ்ட் நடத்தும் டயாலிசிஸ் சென்டருக்கு அவள்தான் செயலி எழுதினாள். அவள் அப்பா ஞானராஜுக்கும் அங்கேதான் சிகிச்சை. நோயாளிகள் செயலியில் நாள் கேட்பார்கள். மெஷின் இருந்தால் ‘உறுதி’ என்று பதில் வரும். மழைக்காலம் தொடங்கியதும் பதிவுகளை வைத்திருக்கும் டேட்டாபேஸ் அடிக்கடி தடுமாறியது. அப்போதெல்லாம் சர்வர், ‘பதிவாகவில்லை, சென்டருக்குப் போன் செய்யுங்கள்’ என்று சிவப்பில் உண்மையைச் சொன்னது. டிரஸ்ட் கமிட்டிக்கு அது பிடிக்கவில்லை.

மேனேஜர் ராஜசேகர் மாட்டுங்காக்காரர். குரலை உயர்த்தாமல் பேசுவார்.

“ஜெபா, எர்ரர் வந்தாலும் இருநூறே அனுப்பிடு. உறுதின்னு போகட்டும். ஸ்டாஃப் அப்புறமா சரி பண்ணிப்பா.”

“பதிவே ஆகலையே சார். அவங்க எதைப் பார்த்துச் சரி பண்ணுவாங்க?”

“கமிட்டி ஸ்க்ரீன்ல சிவப்பாவே தெரிஞ்சா கான்ட்ராக்ட் போயிடும். புரியறதோல்லியோ?”

அவள் வாதாடிப் பார்த்தாள். கடைசியில் மாற்றி எழுதினாள். சிவப்பு நின்றது. கமிட்டி பாராட்டியது. ராஜசேகர் எல்லோரையும் கிங்ஸ் சர்க்கிளுக்குக் கூட்டிப்போய் டிபன் வாங்கிக்கொடுத்தார். அவளும் சாப்பிட்டாள்.

ஜூலை மழையில் ஒருநாள் சாயங்காலம் ஞானராஜ் சென்டரிலிருந்து திரும்பி, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

“சைனப் மௌத்தாயிட்டாளாம் பிள்ள. நம்ம கரீம் பாட்சா சம்சாரம்.”

கரீம் பாட்சா தாராவியில் தோல்பை பட்டறை வைத்திருப்பவர். சைனப்புக்கு சென்டரில் ஞானராஜுக்கு அடுத்த படுக்கை.

“திங்கக்கெழம மழையில வந்து நின்னா. அவ பேரே இல்ல, மெஷினும் இல்ல, நாளைக்கு வான்னு அனுப்பிட்டானுவ. மறுநாளும் எடமில்லன்னுட்டானுவ. அன்னைக்கு ராத்திரியே நெஞ்சு பூரா நீர் கோத்துக்கிட்டாம்.” பிறகு மகளைப் பார்த்துச் சொன்னார்: “அவ போனுல நான் பாத்தேன். உறுதின்னுதாம்ட்டி இருந்துச்சு.”

மறுநாள் அலுவலகத்தில் அவள் தேடிப் பார்த்தாள். சைனப்பின் கோரிக்கை வந்திருந்தது. பதிவாகவில்லை. பதில் மட்டும் பச்சையில் போயிருந்தது. யாரையும் கேட்காமல் பழையபடி மாற்றி வைத்தாள். சாப்பாட்டு நேரத்துக்குள் ராஜசேகர் அதை எடுத்துவிட்டார்.

“அந்தம்மா ஏற்கெனவே சீரியஸ் கேஸ். நீ எதுக்கு மனசுல போட்டுக்கறே?”

அவள் நேராகப் பட்டறைக்குப் போனாள். கரீம் பாட்சா வெட்டிய தோல்களுக்கு நடுவே சும்மா உட்கார்ந்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எழுதச் சொன்னது யார் என்றும், எழுதியது தான்தான் என்றும்.

அவர் ஒரு தோல் துண்டை எடுத்து மடித்தார். பிறகு கேட்டார். “அன்னிக்கு இல்லன்னு வந்திருந்தா?”

“வேற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பீங்க மாமா.”

“ஆமா. டாக்ஸியில போட்டுக் கொண்டுபோயிருப்பேன்.” தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “நீ போயிரும்மா. இனிமே இந்தப் பக்கம் வராத.”

அவர் சென்டருக்குப் போய்ச் சத்தம் போட்டார். சென்டர் கம்பெனியைக் கை காட்டியது. கம்பெனி, ஒரு பெண் செய்த தவறு என்றும் அவளை நீக்கிவிட்டோம் என்றும் எழுதிக்கொடுத்தது. ராஜசேகர் இருந்த இடத்திலேயே இருந்தார். அடுத்த வாரம் ஞானராஜ் போனபோது மெஷின் காலியில்லை என்றார்கள். இரண்டு நாள் கழித்துப் போனபோதும் அதே பதில்தான்.

“ஒன்னிய யாருட்டி போய்ச் சொல்லச் சொன்னா?” என்று ஞானராஜ் வீடு அதிரக் கத்தினார். “செத்தவ எந்திச்சு வந்துட்டாளா? நான் எங்க போய்ப் படுக்க?”

உல்லாஸ்நகரில் ஓர் இடம் கிடைத்தது. வாரம் இரண்டு முறை சயானில் ரயில் ஏறி அப்பாவும் மகளும் போகிறார்கள். வேறு வேலை இன்னும் அமையவில்லை. நேர்காணலில் பழைய கம்பெனியை ஏன் விட்டாய் என்று கேட்டால் அவள் நடந்ததையே சொல்கிறாள். கூப்பிடுகிறோம் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

திரும்பி வரும்போது ஞானராஜுக்கு நிற்க முடியாது. கூட்டத்தில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால் உண்டு. போன வாரம் அப்படி ஓர் ஓரம் கிடைத்தது.

“எப்பா, காலைக் கொஞ்சம் நீட்டிக்கோங்க” என்றாள்.

“நீட்டுனா நிக்கவன் எங்க நிப்பான்?” என்று சொல்லிவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.