செருப்புக்குக் காவல்

அப்படிச் சொல்லாதே இருசம்மா. ஓடிப்போகிறவள் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகமாட்டாள். பட்டர்வொர்த்தில் யாரோ ஒரு லோரிக்காரன் இருக்கிறானாம், அவனைத் தேடிப் போய்விட்டாளாம். பதினோரு நாளாக இந்தத் தாமான் வீடுகளில் இதே பேச்சு. நிர்மலாதேவிக்குத் தெரிந்த ஒரே லோரிக்காரன் அவள் புருஷன் பரமேஸ்வரன். அவன் செத்து ஏழு மாதம் ஆகிறது. நீயும்தானே அன்றைக்கு மாரில் அடித்துக்கொண்டு அழுதாய். முழுக்கக் கேள். கேட்டுவிட்டு உன் வாய்க்கு வந்ததைப் பேசு.

நிர்மலா பிறந்தது நியாலாஸ் பக்கத்து எஸ்டேட்டில். ஆறாம் வகுப்பு வரைக்கும் தமிழ்ப்பள்ளி. அப்புறம் செம்பனை மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்கினாள். எஸ்டேட் கைமாறி லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னபோது அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்து இங்கே ஒரே வீடாக வாங்கினார்கள். அண்ணன் பரமேஸ்வரன், அவனைக் கட்டியவள் நிர்மலா. தம்பி கணேஸ்வரன், அவன் பெண்சாதி சாந்தி. நிர்மலாவுக்குப் பிள்ளை இல்லை. சாந்தி பெற்ற கிஷனை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள் அவள்தான். காலையில் பள்ளிக்கூட கேன்டீனில் சமையல், திரும்பி வந்தால் வீட்டில் சமையல். முப்பது வருஷமாக அந்த வீட்டு அடுப்பு அவள் கையில்தான் இருந்தது.

பரமேஸ்வரன் பினாங்கு வரைக்கும் லோரி ஓட்டினவன். அந்தக் காலத்தில் பட்டர்வொர்த்தில் கடலைக் கடக்க லோரியோடு ஃபெரிக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். ஊருக்கு வந்தால் மற்ற கதையெல்லாம் மறந்துவிடுவான், ஃபெரிக் கதை மட்டும் மறக்காது. "கால் மணி நேரம் நிர்மலா. அந்தக் கால் மணி நேரம் ஸ்டியரிங்கைத் தொட வேணாம். யாரோ நம்மள ஏத்திக்கிட்டுப் போறாங்க" என்பான். அடுத்த லீவுக்கு உன்னைக் கூட்டிப்போகிறேன் என்று அவன் சொல்லாத வருஷம் கிடையாது. நிர்மலாவும் எல்லா வருஷமும் நம்பினாள். அவன் போனபின் அவளுக்கு மிஞ்சின ஆசை அது ஒன்றுதான். அந்த ஃபெரியில், கையில் ஒரு வேலையும் இல்லாமல், கால் மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கோயில் மாதர் பகுதிக் கூட்டத்தில் பினாங்குப் பயணம் என்று பேச்செடுத்தது சுப்பம்மா. பேச்செடுத்ததோடு சரி. எங்கே இறங்குவது, எங்கே தங்குவது, ஒருத்திக்கும் தெரியாது. நிர்மலாதான் பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து எழுத ஆரம்பித்தாள். தர்மேந்திரனின் வேனைப் பேசினாள். கடைக்கார ஹனீஃபுக்குப் பினாங்கில் சொந்தம் இருக்கிறது என்று அவரிடம் போய் வழி கேட்டாள். அவர்தான் சொன்னார், இப்போதெல்லாம் ஃபெரியில் காரும் வேனும் ஏற்றுவதில்லை, ஆளும் மோட்டார் சைக்கிளும் மட்டும்தான் என்று. முகம் விழுந்துபோய் வந்தாள். இரண்டு நாள் யோசித்து அதற்கும் வழி கண்டுபிடித்தாள். பெண்கள் எல்லாரும் பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெரியில் ஏறுவது. தர்மேந்திரன் வெறும் வேனைப் பாலத்தின் வழியாக ஓட்டிவந்து அந்தக் கரையில் நிற்பது. இது நம்மில் யாருக்குத் தோன்றியிருக்கும் சொல்.

முதல் நாள் ஃபெரி, குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில், சாயங்காலம் கடற்கரையில் காற்று. இரண்டாம் நாள் தண்ணீர்மலை முருகன். மூன்றாம் நாள் பாலிக் பூலாவில் ஜாதிக்காய்த் தோட்டம் பார்த்துவிட்டு வீடு. யாருக்கு முட்டி வலி, யாருக்கு வேனில் வாந்தி வரும், எல்லாம் அந்த நோட்டில் இருந்தது. தண்ணீர்மலைப் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தாள். சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் வருஷம் திரும்பும்வரை மலைக்கோயில் ஏறக்கூடாது அல்லவா? அவளுக்குத் தெரியாததா அது? "செருப்புக்குக் காவல்: நிர்மலா, சாந்தி." மற்றவர்கள் ஐந்நூறு படி ஏறி இறங்கும்வரை இரண்டு பேரும் அடிவாரத்தில் செருப்பையும் பையையும் பார்த்துக்கொண்டு உட்காருவது என்று கணக்கு. ஒரே வீடு, ஒரே சாவு, இரண்டு பேருக்கும் ஒரே தீட்டு.

புறப்படப் பத்து நாள் இருக்கும்போது சாந்தி அடுப்படியில் வந்து நின்றாள். குரலில் தேன் வடிந்தது. வெளியில் ஒரு மாதிரி பேசுகிறார்கள் அக்கா, வருஷம் திரும்பாதவள் கூட வந்தால் சாமி கும்பிட மனசு வராது என்கிறார்கள், வம்பு எதற்கு, நீங்கள் அடுத்த தடவை போங்கள் என்றாள். யார் பேசினது என்று நிர்மலா கேட்டாள். யார் பேரைச் சொன்னாள் தெரியுமா? உன் பேரைத்தான் இருசம்மா. முறைக்காதே. நீ வாயே திறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அன்றைக்குத் தெரியாது.

"நானும் போகலக்கா. எனக்கும் அதே தீட்டுதானே. அலோர் காஜாவுல அம்மா வீட்டுல மூணு நாள் இருந்துட்டு வந்துர்றேன்."

அந்த ஒரு வார்த்தையில்தான் நிர்மலா அடங்கிப்போனாள். தனக்காக இவளும் போகாமல் நிற்கிறாளே என்று உருகிப்போனாள். நோட்டைக் கொண்டுபோய் தர்மேந்திரன் கையில் கொடுத்தாள். புறப்படுவதற்கு முதல் நாள் சாயங்காலம் பதின்மூன்று பேருக்குப் புளிச்சோறு கிளறி, உருளைக்கிழங்கு பிரட்டி, வாழையிலையில் மடித்து சுப்பம்மா வீட்டில் கொடுத்தாள். சுப்பம்மா வாங்கிக்கொண்டாள். முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அம்மாவுக்குக் கஞ்சி எடுத்துப்போக வேண்டும் என்று சாந்தி ஃபிளாஸ்க் கேட்டாள். பரமேஸ்வரன் லோரியில் வைத்திருந்த பச்சை ஃபிளாஸ்க், பிடி உடைந்து சிவப்புக் கயிறு சுற்றினது. யார் கேட்டாலும் கொடுக்காததை அதில் தேநீர் வேறு ஊற்றிக் கொடுத்தனுப்பினாள்.

வேன் போன இரண்டாம் நாள் சீனி வாங்க ஹனீஃப் கடைக்குப் போனாள். அவர் பெண்சாதி ஜொஹரா போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க ஃபிளாஸ்க் பினாங்கு போயிருக்கு லா. உங்கள ஏன் விட்டுட்டுப் போச்சு?"

படத்தில் ஃபெரி. ஜன்னலோரம் சாந்தி உட்கார்ந்திருக்கிறாள், மடியில் பச்சை ஃபிளாஸ்க். பக்கத்தில் பவானேஸ்வரி என்று செர்காம் ஊர்க்காரி ஒருத்தி, கிஷனுக்குப் பார்த்திருக்கிற பெண்ணின் அம்மா. அடுத்த படம் தண்ணீர்மலை. உச்சிப் படியில் திருநீற்றோடு சாந்தி நிற்கிறாள். பின்னால் வரிசையாக நம் தெருப் பெண்கள். ஜொஹராவுக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. நிர்மலா சீனியை வாங்கிக்கொண்டு வந்தாள். பயணம் போகாமல் என் வீட்டு வாசலில் நின்ற என்னிடம், "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு" என்று மட்டும் சொன்னாள். வேன் அலோர் காஜா டோல் சாவடியில் நின்று சாந்தியை ஏற்றியிருக்கிறது. வேன் முழுக்கத் தெரிந்து, ஒருத்திகூட அவளிடம் சொல்லவில்லை. என்னிடமும் மறைத்தார்கள், நான் சொல்லிவிடுவேன் என்று தெரியும்.

மூன்றாம் நாள் சாந்தி திரும்பினாள். அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று நிர்மலா கேட்டாள். முட்டி வலிதான், உங்களை விசாரித்தார்கள் என்றாள் சாந்தி. கண் கூசாமல் சொன்னாள். நிர்மலா தலையை ஆட்டிவிட்டுச் சோறு போட்டாள்.

மறுநாள் காலையில் தர்மேந்திரன் நோட்டைக் கொண்டுவந்தான். அவன் சூது அறியாத ஆள். "அக்கா, நீங்க எழுதுனபடியே போனோம், ஒரு எடத்துலகூடத் தப்பல. சாந்தியக்காவைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். சாந்தி கையிலிருந்த துடைப்பம் அப்படியே நின்றது.

"சாவு எனக்கு மட்டுந்தானா விழுந்துச்சு சாந்தி?"

சாந்தி முதலில் அழுதாள். அழுகை எடுபடவில்லை என்றதும் உண்மையைச் சொன்னாள். "சம்பந்தியம்மா மொத மொதல்ல நம்மளோட வர்றாங்க. வீட்டுல சாவுன்னு தெரிஞ்சா கல்யாணத்தைத் தள்ளிப் போடுவாங்க. நீங்க வெறுங்கழுத்தோட எதிர்ல உக்காந்திருந்தா கேக்க மாட்டாங்களா? கிஷன் நல்லா இருக்கணும்ல?"

"கிஷனுக்குத் தெரியுமா?"

சாந்தி மறுபடி பெருக்க ஆரம்பித்தாள். அந்த ஃபெரிப் படத்தை எடுத்துப் போட்டது யார் என்று நிர்மலா ஜொஹராவின் போனிலேயே பார்த்திருந்தாள். பாட்டி வீட்டுக்குத் துணை என்று சொல்லி அம்மாவோடு போன கிஷன்தான். தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

அதன்பிறகு அவள் சண்டை போடவில்லை, சாபம் விடவில்லை. மூன்று நாள் வழக்கம்போல் சமைத்தாள். அதற்குள் ஒருநாள் நேராக உன் வீட்டுக்கு வந்து, நான் வேனில் வரக்கூடாது என்று சொன்னீர்களா அக்கா என்று கேட்டாளே, நினைவிருக்கிறதா? நீ இல்லை என்றாய். சாந்தி உன் பேரைச் சொன்னதும் பொய் என்று தெரிந்தபின் அவள் பேச்சே குறைந்துவிட்டது. கேன்டீனில் லீவு சொன்னாள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் குளித்து, வெள்ளையில் நீலக்கரைப் புடவை கட்டினாள். அடுப்பைத் துடைத்தாள். சாவியை டிவி மேல் வைத்தாள். அலமாரியிலிருந்து பச்சை ஃபிளாஸ்க்கை எடுத்து, சாந்தி பார்க்கப் பார்க்க சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, புதிதாகத் தேநீர் கலந்து ஊற்றினாள். செடிக்குத் தண்ணீர் விட்டாள்.

எங்கே போகிறீர்கள் என்று கணேஸ்வரன் கேட்டான். பினாங்கு என்றாள். எப்போது வருவீர்கள் என்றதற்கு, நோட்டில் அது இன்னும் எழுதவில்லை என்றாள்.

சாந்தி வாசலுக்கு ஓடிவந்தாள். "வருசம் திரும்பலியேக்கா. நாலு பேரு என்ன பேசுவாங்க?"

நிர்மலா குனிந்து தன் செருப்பை மட்டும் எடுத்துப் போட்டாள். கதவோரம் மற்றவர்களின் செருப்பு வரிசையாகக் கிடந்தது.

"நான் மலை ஏறப் போகல. ஒங்க செருப்பெல்லாம் இங்கதான் இருக்கு, பாத்துக்க."

தெருவில் ஒவ்வொரு கேட்டிலும் ஒருத்தி நின்றாள். சுப்பம்மா உள்ளே போய்விட்டாள். நீ நின்றாய் இருசம்மா, நானும் நின்றேன். ஜாசின் பஸ் வருகிற முனை வரைக்கும் அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. ஒரு கையில் துணிப்பை, ஒரு கையில் ஃபிளாஸ்க். கூட வேறு யாரும் இல்லை.